தெருவோர மரம் காரின் மேல் சாய்ந்துவிட்டது: நகராட்சியிடம் நஷ்டஈடு கேட்க முடியுமா?

மல்லிமூட்டை:

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். வீடு மதுரைக்குள் இல்லை, மாவட்டத்திலேயே ஒரு நகராட்சி ஊர். பெயர் வேண்டாம். நாளைக்கும் அதே அலுவலகத்தில்தான் சொத்து வரி கட்ட வேண்டும்.

எங்கள் தெரு முனையில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்று நின்றது. யார் நட்டது என்று தெரியாது. தெரு நகராட்சியுடையது, மரத்துக்கு நம்பர் எழுதியதும் அவர்கள்தான். என் வீட்டில் கார் நிறுத்த இடமில்லாததால் அந்த மரத்தை ஒட்டித் தெருவோரமாகத்தான் நிறுத்துவேன். நிறுத்தக் கூடாது என்று போர்டு எதுவும் இல்லை. முந்தாநாள் ராத்திரி பெய்த மழையில் மரம் வேரோடு சாய்ந்து காரின் மேல் விழுந்துவிட்டது. விடியற்காலை மார்க்கெட்டுக்குக் கிளம்ப வெளியே வந்தால் தெருவே தெரியவில்லை, ஒரே கிளையும் இலையும்தான். ஏழு வருஷம் ஆன வேகன் ஆர். கூரை முன்சீட்டு வரை அமுங்கிவிட்டது. முன்கண்ணாடி போச்சு, பானெட்டும் இடது பக்கக் கதவுகளும் மடங்கிவிட்டன. ஷெட்காரர் வந்து பார்த்து 1,35,000 ரூபாய் ஆகும் என்கிறார்.

இது திடீரென்று நடந்ததல்ல. கோடையில் அந்த மரத்தை ஒட்டி வாறுகால் (சாக்கடை) கட்ட ஜேசிபி வைத்துத் தோண்டினார்கள். அப்போதே ஒரு பக்க வேரெல்லாம் போய்விட்டது. அடுத்த மாதமே மரம் ரோட்டுப் பக்கம் லேசாகச் சாய்ந்தது. தெருக்காரர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுத்தோம், நானும் போட்டிருக்கிறேன். ரசீது எதிர்வீட்டு டீச்சரிடம் இருக்கிறது. ஒருவர் வந்து பார்த்துவிட்டு, “மரத்தை எடுக்கப் பசுமைக் குழு அனுமதி வேண்டும், எழுதியிருக்கிறோம்” என்று சொல்லிப் போனார். அதோடு சரி.

இப்போது போய்க் கேட்டால், “இயற்கைச் சீற்றத்துக்கு நாங்கள் என்ன செய்ய முடியும், இன்சூரன்ஸில் வாங்கிக்கொள்ளுங்கள்” என்கிறார்கள். ஸ்டேஷனில் எஃப்.ஐ.ஆர். போட மாட்டோம் என்கிறார்கள். மச்சினன் மோட்டார் விபத்துத் தீர்ப்பாயத்தில் போடச் சொல்கிறான். பக்கத்துக் கடைக்காரர் நேரே ஹைகோர்ட் கிளையில் ரிட் போடச் சொல்கிறார். ஆளுக்கொன்று.

முழு பாலிசி இருக்கிறது, தேய்மானம் கழிக்காமல் தரும் பம்பர் டு பம்பர் இல்லை. இதுவரை கிளெய்மே பண்ணாததால் 50 சதவீத போனஸ் ஏறியிருக்கிறது. அதை இழக்க மனசில்லை. இன்சூரன்ஸைத் தொடாமல் மொத்தத் தொகையையும் நகராட்சியிடமே கேட்டால் என்ன? இன்னொரு பயமும் இருக்கிறது. சில நாள் பின்சீட்டை மடித்துவிட்டுப் பூ மூட்டை ஏற்றுவேன். சொந்தக் கார் பாலிசியில் அதைக் காட்டி நிறுத்திவிடுவார்களோ?

சைக்கிள்கடை:

அண்ணே, வக்கீல், கோர்ட் எல்லாம் அப்புறம். அந்த மரம் இன்னும் அங்கேயே கிடக்கிறதா? கிடந்தால் இதைப் படித்து முடிக்கும் முன் போய்ப் போட்டோ எடுங்கள். எங்கள் தெருவில் ஒரு வாகை விழுந்தபோது மதியத்துக்குள் அறுத்து லாரியில் ஏற்றிவிட்டார்கள். சாயங்காலம் அந்த இடத்தில் மண்ணைத் தள்ளி மூடியாயிற்று. அதற்குப் பிறகு அங்கே மரம் நின்றது என்பதையே நாம்தான் சாட்சி வைத்துச் சொல்ல வேண்டும்.

வண்டியை எல்லோரும் எடுப்பார்கள். நீங்கள் வேரை எடுங்கள். ஜேசிபி வெட்டிய வேர் என்றால் முனை கரும்பை வெட்டியது போல நேராக இருக்கும், மாதக்கணக்காகிவிட்டதால் கறுத்துக் காய்ந்திருக்கும். இப்போது மழையில் பிய்ந்த வேர் நார் நாராக, உள்ளே வெளுப்பாக, ஈரமாக இருக்கும். வாறுகால் பக்கம் கறுப்பு முனையும் எதிர்ப்பக்கம் வெளுத்த நாரும் ஒரே படத்தில் விழுகிற மாதிரி எடுங்கள். பக்கத்தில் டேப்பை நீட்டி வைத்து வாறுகால் சுவருக்கும் மரத்துக்கும் எவ்வளவு இடைவெளி என்பதையும் எடுங்கள். வீட்டு நம்பரோ மின்கம்ப நம்பரோ பின்னால் தெரியட்டும். அதே தெருவில் நிமிர்ந்து நிற்கும் மற்ற மரங்களையும் விடாதீர்கள். அவ்வளவு பெரிய சீற்றம் என்றால் அவையெல்லாம் எப்படி நிற்கின்றன என்று நாளைக்குக் கேட்க வேண்டியிருக்கும்.

மல்லிமூட்டை:

தம்பி, நல்ல நேரத்தில் சொன்னீர்கள். கிளைகளைத் தீயணைப்பு வண்டிக்காரர்கள் அன்றைக்கே அறுத்து ஒதுக்கிவிட்டார்கள். அடிமரமும் வேரும் அப்படியே கிடக்கின்றன. இப்போதுதான் பையனைக் கூட்டிப் போய் எடுத்து வந்தேன். நீங்கள் சொன்னது அச்சு அசலாக இருக்கிறது. வாறுகால் பக்கம் தொடை கனத்துக்கு மூன்று வேர், மூன்றும் ஒரே கோட்டில் வெட்டுப்பட்டுக் கறுத்திருக்கின்றன. ஒன்றில் கரையான் மண்ணே ஏறிவிட்டது. வாறுகால் சுவருக்கும் மரத்துக்கும் ஒரு முழம்கூட இல்லை.

பழைய சர்வேயர்:

தம்பி, மதுரையில் மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவன். மரம் விழுந்த வண்டி நிறையப் பார்த்திருக்கிறேன். இன்சூரன்ஸ் பக்கத்தை மட்டும் சொல்கிறேன், சட்டத்தை வக்கீல்கள் சொல்லட்டும்.

கம்பெனிக்குத் தகவல் சொல்லியாயிற்றா? நீங்கள் அதை எழுதவே இல்லை. இன்றைக்கே சொல்லுங்கள். சர்வேயர் பார்க்கும் வரை வண்டியை ஷெட்டுக்குத் தூக்காதீர்கள். வழியை அடைக்கிறது என்று நகர்த்தச் சொன்னால் நாலா பக்கமும் வீடியோ எடுத்துவிட்டு நகர்த்துங்கள். மரம் விழுவது உங்கள் பாலிசிக்குள் வரும். புயல், வெள்ளம் என்ற வரிசையிலும் வரும், வெளியிலிருந்து வந்த விபத்து என்ற வகையிலும் வரும். மூன்றாம் நபர் பாலிசி மட்டும் வைத்திருப்பவருக்குத்தான் இதில் ஒரு பைசா கிடைக்காது.

இப்போது உங்கள் போனஸ் கவலை. எவ்வளவு போகும் என்று கணக்குப் பார்த்தீர்களா? போனஸ் கழிவு மொத்த பிரீமியத்துக்கும் கிடையாது, சொந்தச் சேதத்துக்கான பகுதிக்கு மட்டும்தான். அந்தப் பகுதி 5,000 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிளெய்ம் எடுத்தால் அடுத்த வருஷம் போனஸ் பூஜ்யம், அப்புறம் 20, 25, 35, 45 என்று ஏறித் திரும்ப 50க்கு வரும். இழப்பு முதல் வருஷம் 2,500, அடுத்து 1,500, 1,250, 750, 250. கூட்டினால் 6,250 ரூபாய், அதுவும் ஐந்து வருஷத்தில் பரவிப் போகிறது. இதற்காக லட்ச ரூபாய் கிளெய்மை விடுகிறேன் என்றால் நான் என்ன சொல்வது.

சரி, எவ்வளவு வரும்? உங்கள் எஸ்டிமேட்டைப் பிரித்து வாங்குங்கள். நான் ஒரு உத்தேசம் போடுகிறேன். தகடு உதிரிகள் 60,000 என்றால், ஐந்திலிருந்து பத்து வயசுக்குள் இருக்கும் வண்டிக்குத் தேய்மானம் 40 சதவீதம், அதில் 24,000 உங்கள் கையிலிருந்து. பிளாஸ்டிக், ரப்பர் 14,000 என்றால் பாதி உங்களுடையது, 7,000. கண்ணாடி 12,000, அதற்குத் தேய்மானம் கிடையாது. பெயின்ட் 20,000 என்றால் அதில் கால் பங்கைப் பொருள் செலவாக எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், 2,500. டிங்கரிங் கூலி 29,000 முழுதாக வரும். கட்டாயக் கழிவு உங்கள் எஞ்சினுக்கு 1,000. ஆக 1,35,000ல் உங்கள் தலையில் விழுவது 34,500, கம்பெனி தருவது 1,00,500. பில் எப்படி வருகிறதோ அதற்கேற்ப முன்னே பின்னே இருக்கும். இந்த 34,500ஐத்தான் நீங்கள் நகராட்சியிடம் துரத்த வேண்டும்.

பாலிசியில் ஐ.டி.வி., அதாவது வண்டிக்குக் கம்பெனி போட்ட மதிப்பு, என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ரிப்பேர் செலவு அதில் 75 சதவீதத்தைத் தாண்டினால் மொத்த நஷ்டம் என்று முடித்துவிடுவார்கள், அப்போது கணக்கே மாறும்.

பூ மூட்டை விஷயம். சொந்தக் கார் பாலிசியில், மாதிரிப் பொருளும் சொந்த லக்கேஜும் தவிர சரக்கு ஏற்றக் கூடாது என்றுதான் இருக்கும். ஆனால் மரம் விழுந்தபோது உங்கள் வண்டி வெறுமனே நின்றுகொண்டிருந்தது. சரக்குக்கும் சேதத்துக்கும் சம்பந்தமே இல்லை. சர்வேயர் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். சீட்டில் ஒட்டியிருக்கும் காம்பையும் நாரையும் பார்த்து அவருக்கே தெரிந்துவிடும், எதற்குப் பொய்? மூட்டையோடு ஓடும்போது இடித்திருந்தால் பேச்சு வேறு மாதிரி போயிருக்கும். இனிமேல் லோடு ஆட்டோ பிடித்துக்கொள்ளுங்கள்.

கடைசியாக ஒன்று. பணம் தரும்போது கம்பெனி ஒரு உரிமை மாற்றுக் கடிதத்தில் கையெழுத்து வாங்கலாம். தான் கொடுத்த தொகையைச் சேதத்துக்குக் காரணமானவரிடம் கேட்கும் உரிமை கம்பெனிக்குப் போகும் என்பதுதான் அதன் சாரம். அதனால் நகராட்சியோ கான்ட்ராக்டரோ பத்தாயிரமோ இருபதாயிரமோ கொடுத்து “எல்லாம் தீர்ந்தது” என்று எழுதி வாங்க வந்தால், கம்பெனியிடம் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

கருப்புக்கோட்டு:

மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் சிவில் பக்கம் பிராக்டிஸ் செய்கிறேன். சார், உங்களுக்குச் சொன்ன யோசனைகளில் தேறாதவற்றை முதலில் கழித்துவிடுவோம். மோட்டார் விபத்துத் தீர்ப்பாயம் வண்டி ஓடியதால், வண்டியைப் பயன்படுத்தியதால் வந்த விபத்துக்கு. இங்கே வண்டி சும்மா நின்றது, மரம்தான் வந்தது. எஃப்.ஐ.ஆர். போட ஸ்டேஷனில் மறுத்ததும் சரிதான், வேண்டுமென்று செய்யாத பொருள் சேதம் குற்ற வழக்கு ஆகாது. ஆனால் புகாரை வாங்கி சி.எஸ்.ஆர். ரசீது கொடுக்கச் சொல்லுங்கள், இன்சூரன்ஸுக்கும் எங்களுக்கும் அது போதும். நுகர்வோர் கோர்ட்டுக்கும் போகாதீர்கள். வரி கட்டுவது சேவைக்குக் கொடுக்கும் கட்டணம் ஆகாது என்று திருப்பி அனுப்புவார்கள். நகராட்சிக்குப் பார்க்கிங் கட்டணம் கட்டி நிறுத்தியிருந்தால் அந்த வழியை யோசிக்கலாம்.

ரிட்டைப் பற்றி. ஹைகோர்ட் கிளை ஒத்தக்கடைப் பக்கம் வந்து 2004லிருந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. அதனால் நம் ஊரில் குழாயில் தண்ணீர் வராவிட்டாலும் ரிட் ஞாபகம்தான் முதலில் வருகிறது. மின்சாரம் தாக்கி உயிர் போன வழக்குகளில் ரிட்டிலேயே நஷ்டஈடு வாங்கியிருக்கிறோம். உங்களுடையதில் வேரை வெட்டியது யார், எவ்வளவு சேதம் என்று சாட்சி வைத்து நிரூபிக்க வேண்டிய விஷயங்கள் இருக்கின்றன. “சிவில் கோர்ட்டுக்குப் போங்கள்” என்று ஒரு வரியில் முடிந்துவிடும்.

அப்படியானால் சிவில் வழக்குதான். அதில் ஜெயிக்க முடியுமா என்பதற்கு சுப்ரீம் கோர்ட்டின் மூன்று தீர்ப்புகளைத் தெரிந்துகொள்ளுங்கள். டெல்லி சாந்தினி சௌக்கில் 1951ல் ஒரு மணிக்கூண்டு இடிந்து விழுந்து ஆட்கள் செத்தார்கள். அந்த வழக்கில் 1966ல், கட்டடம் தானாக விழுந்ததே அலட்சியத்துக்கு அத்தாட்சி, அலட்சியம் இல்லை என்று டெல்லி மாநகராட்சிதான் காட்ட வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. அடுத்தது ராஜ்கோட். 1975ல் வேலைக்கு நடந்து போன ஒருவர் மேல் ரோட்டோர மரம் விழுந்து இறந்துவிட்டார். கீழ்க் கோர்ட்டுகளில் குடும்பத்துக்கு நஷ்டஈடு கிடைத்தது. 1997ல் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றிவிட்டது. மரத்தைக் கட்டடத்தோடு சேர்த்துப் பார்க்க முடியாது, அந்த மரம் விழும் நிலையில் இருந்தது மாநகராட்சிக்குத் தெரியும் என்று நிரூபிக்கப்படவில்லை என்றது. நகராட்சி வக்கீல் முதலில் தூக்கிக்கொண்டு வரப்போவது இதைத்தான். மூன்றாவது மறுபடியும் டெல்லி. ஸ்கூட்டரில் போனவர் மேல் கிளை முறிந்து விழுந்தது. அந்த மரம் காய்ந்து பட்டுப்போய் நின்ற மரம், யார் பார்த்தாலும் தெரியும், பார்த்து அகற்றியிருக்க வேண்டும் என்று 1999ல் மாநகராட்சியைப் பொறுப்பாக்கினார்கள்.

ஆக, பச்சையாக நின்ற மரம் திடீரென்று விழுந்தால் உங்களுக்கு வழக்கே கிடையாது. ஆபத்து அவர்களுக்குத் தெரிந்திருந்தால், அல்லது தெரிந்திருக்க வேண்டிய நிலையில் மரம் இருந்திருந்தால் வழக்கு உண்டு. உங்களிடம் இரண்டும் இருக்கின்றன. மனு ரசீது இருக்கிறது, அதைவிடப் பெரிது அந்த வெட்டுப்பட்ட வேர். பார்க்காமல் விட்டது ஒரு தப்பு என்றால், அவர்கள் கொடுத்த வேலையிலேயே வேர் அறுபட்டது அதற்கும் மேல். ராஜ்கோட்டில் இது கிடையாது.

இயற்கைச் சீற்றம் என்ற வாதத்துக்கும் பயப்பட வேண்டாம். ஐப்பசி, கார்த்திகையில் இங்கே மழை பெய்வதும் காற்று அடிப்பதும் எதிர்பார்க்கிற விஷயம். மதுரை விமான நிலையத்தில் வானிலை ஆய்வு நிலையம் இருக்கிறது. அன்றைக்கு ராத்திரி காற்று வேகமும் மழை அளவும் என்ன என்று சென்னை மண்டல வானிலை மையத்துக்கு எழுதி வாங்கிவிடலாம்.

உங்களுக்குப் பாதகமான இடத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த மனுவில் நீங்களும் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். “மரம் விழும் என்று தெரிந்தே எழுதிக் கொடுத்தவர், அதே மரத்தடியில் தினமும் காரை ஏன் நிறுத்தினார்?” என்று குறுக்கு விசாரணையில் கட்டாயம் கேட்பார்கள். உங்கள் பங்குக்கும் அலட்சியம் என்று சொல்லி ஒரு பகுதியைக் கழிக்கவும் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. இதற்கு இப்போதே நேர்மையான பதில் ஒன்றை யோசித்து வையுங்கள்.

மல்லிமூட்டை:

மேடம், வேறு எங்கே நிறுத்துவது? தெருவில் அந்த ஒரு இடம்தான் அகலம். மற்ற இடத்தில் நிறுத்தினால் பால் வண்டி திரும்பாது, ஆம்புலன்ஸ் வராது. வாறுகால் மூடியின் மேல் நிறுத்தினால் மூடி உடையும் என்று அவர்களே சத்தம் போடுவார்கள். மரம் விழுந்தால் வீட்டின் மேல் விழும், ஸ்கூல் பிள்ளைகள் மேல் விழும் என்றுதான் மனுவில் எழுதினோம். காரைப் பற்றி யாருக்கும் நினைப்பே இல்லை.

கருப்புக்கோட்டு:

இதையே கூண்டிலும் சொல்லுங்கள் சார், நான் எழுதிக் கொடுத்தால்கூட இவ்வளவு நன்றாக வராது. தெருவை ஒரு தரம் அளந்து, எந்த இடத்தில் எத்தனை அடி என்று ஒரு வரைபடம் போட்டு வையுங்கள்.

கோப்புக்கட்டு:

நகராட்சி ஒன்றில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றேன். மேடம் சட்டம் சொன்னார், நான் மேசைக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கும் என்று சொல்கிறேன்.

கமிஷனர் நல்லவராகவே இருந்தாலும், “பாவம், கொடுத்துவிடுவோம்” என்று ஒரு செக்கில் கையெழுத்துப் போட அவரால் முடியாது. மன்றத்தில் பொருள் வைத்துத் தீர்மானம் வேண்டும். தீர்மானம் போட்டுக் கொடுத்தாலும், எந்த விதிப்படி கொடுத்தாய் என்று உள்ளாட்சி நிதித் தணிக்கையில் கேட்பார்கள். தணிக்கைத் தடை வந்தால் ஓய்வு பெறுகிற காலத்தில் கழுத்தைப் பிடிக்கும். அதனால் மனுவுக்கு “இல்லை” என்று பதில் போடுவதுதான் அங்கே இருப்பவருக்குப் பத்திரம். உங்கள் மேல் கோபம் எதுவும் கிடையாது. ஆனால் ஒரு கோர்ட் டிக்ரி (தீர்ப்பாணை) கையில் வந்துவிட்டால் அதே ஆள் மளமளவென்று குறிப்பு எழுதிப் பணத்தை விடுவிப்பார். ஏனென்றால் அப்போது தணிக்கைக்குக் காட்ட ஒரு காகிதம் இருக்கிறது.

அடுத்தது, “பசுமைக் குழுவுக்கு எழுதியிருக்கிறோம்” என்று ஒருவர் சொன்னாரே, அவர் உங்களுக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறார். அரசு இடத்து மரத்தை வெட்ட அந்தக் குழுவின் அனுமதி வேண்டும் என்பது உண்மை. எழுதியிருந்தால், மரம் ஆபத்தாக இருக்கிறது என்று அவர்களே தேதி போட்டு ஒப்புக்கொண்ட கடிதம் அது. எழுதவில்லை என்றால், மனு வந்த பிறகும் ஒன்றும் செய்யவில்லை என்று ஆகிவிடும். இரண்டில் எது வெளியே வந்தாலும் உங்களுக்குத்தான் லாபம்.

அதை வெளியே எடுக்கத் தகவல் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்குப் போடுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும், தராவிட்டால் மேல்முறையீடு. “மரம் ஏன் விழுந்தது” என்று கேட்காதீர்கள், ஏன் என்ற கேள்விக்குப் பதில் வராது. ஆவணத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். மனுவின் மீது எழுதிய அலுவலகக் குறிப்பின் நகல், பசுமைக் குழுவுக்கும் மின்வாரியத்துக்கும் அனுப்பிய கடித நகல், வாறுகால் பணியின் வேலை உத்தரவும் ஒப்பந்த நிபந்தனைகளும், அப்புறம் எம்-புக் எனப்படும் அளவுப் புத்தகத்தின் நகல். எம்-புக் முக்கியம். எந்த இடத்திலிருந்து எந்த இடம் வரை எவ்வளவு ஆழம் தோண்டினார்கள் என்று அளந்து எழுதிக் கையெழுத்துப் போட்டால்தான் கான்ட்ராக்டருக்குப் பில் பாஸ் ஆகும். மரத்தடியில் தோண்டவே இல்லை என்று பிறகு யாரும் சொல்ல முடியாது.

கான்ட்ராக்டரை விட்டுவிடாதீர்கள். வேலையின்போது அடுத்தவர் சொத்துக்குச் சேதம் வந்தால் அவர் பொறுப்பு என்று நிபந்தனை போடுவது வழக்கம். பில்லில் பிடித்து வைத்த டெபாசிட் இன்னும் திருப்பிக் கொடுக்கப்படாமல் இருந்தால், நகராட்சி தன் கைக்காசைக் கொடுக்காமல் அதிலிருந்து எடுக்கப் பார்க்கும். அப்படி ஒரு வழி தெரிந்தால் பேச்சு வார்த்தைக்கு வருவார்கள்.

கருப்புக்கோட்டு:

கோப்புக்கட்டு சார் சொன்ன டிக்ரி விஷயம் ரொம்பச் சரி. அதற்கு வழக்கு நடத்தித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. உங்கள் ஊர் தாலுகா கோர்ட்டில் வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கும், மதுரையில் மாவட்ட ஆணைக்குழு இருக்கிறது. வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே ஒரு மனு கொடுத்தால் நகராட்சியையும் கான்ட்ராக்டரையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். கோர்ட் கட்டணம் கிடையாது. லோக் அதாலத்தில் உடன்பாடு வந்தால் அந்த உத்தரவுக்கு டிக்ரியின் மதிப்பு உண்டு. தணிக்கைக்குக் காட்ட அந்தக் காகிதமே போதும். நகராட்சி ஒத்துவராவிட்டால் அங்கே யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள், அப்போது வழக்குதான்.

வழக்கு என்றால், சர்வேயர் ஐயா போட்ட 34,500, போனஸ் இழப்பு, வண்டி ஷெட்டில் கிடக்கும் நாளில் லோடு ஆட்டோவுக்குக் கொடுத்த வாடகை, எல்லாம் சேர்த்து 50,000 என்று வைத்தால் 3 சதவீதக் கோர்ட் கட்டணம் 1,500 ரூபாய். 2017க்கு முன்னால் இதுவே ஏழரை சதவீதம். வழக்குப் போடுவதற்கு முன் இரண்டு மாத அவகாசம் கொடுத்து வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். கமிஷனருக்கு ஒன்று, கான்ட்ராக்டருக்கு ஒன்று, தபாலில் ஒப்புகையோடு. ரோடு நெடுஞ்சாலைத் துறையுடையதாக இருந்தால் கலெக்டரையும் சேர்க்க வேண்டியிருக்கும், உங்களுடையது உள்தெரு என்பதால் அது தேவைப்படாது. ஒரு சட்டத்தின் கீழ் செய்த வேலைக்கோ செய்யாமல் விட்ட வேலைக்கோ நஷ்டஈடு கேட்கக் காலவரையறை ஒரே வருஷம்தான். மற்ற வழக்கு மாதிரி மூன்று வருஷம் இருக்கிறது என்று இருந்துவிடாதீர்கள். பத்திரத்துக்கு, ஆறு மாதத்துக்குள் வழக்கு கோர்ட்டில் பதிவாகி நம்பர் ஆகிவிட வேண்டும் என்று உங்கள் வக்கீலிடம் சொல்லி வையுங்கள். நகராட்சிகளுக்கான புதிய சட்டம் 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. அவர் பழைய சட்டப் பிரிவைப் போட்டு நோட்டீஸ் அடித்தால் திருத்தச் சொல்லுங்கள்.

மல்லிமூட்டை:

எல்லோருக்கும் நன்றி. கம்பெனிக்குப் போன் பண்ணியாயிற்று, சர்வேயர் நாளைக் காலை வருகிறாராம். ஐ.டி.வி. 2,40,000 போட்டிருக்கிறது. டீச்சரிடம் ரசீதை வாங்கி ஜெராக்ஸ் எடுத்துவிட்டேன். அடிமரத்தை இன்றைக்கு ஏலம் எடுத்தவர் அறுக்க வந்தார். சர்வேயர் வரும் வரை வேரை மட்டும் விடச் சொல்லி அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியிருக்கிறேன்.

பழைய சர்வேயர்:

2,40,000ல் 75 சதவீதம் 1,80,000. நீங்கள் அதற்கு உள்ளேதான் இருக்கிறீர்கள், ரிப்பேராகவே போகும். நாளைக்கு வரும் சர்வேயர் வண்டியை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பப் பார்ப்பார். வேரையும் காட்டி, ரிப்போர்ட்டில் ஒரு வரி எழுதக் கேளுங்கள்.

சைக்கிள்கடை:

அண்ணே, ஒரு டீ எத்தனை மணிக்குத் தாங்கும் என்று தெரியாது. ராத்திரியே ஒரு வேர்முனையை அறுத்து வீட்டில் எடுத்து வையுங்கள். அறுப்பதையும் வீடியோ எடுத்துவிடுங்கள்.